தொகுதி மறுவரையறையும் மக்கள் கருத்தும்: தென் சென்னையின் எல்லைகள் மாறிய வரலாறு

தொகுதி மறுவரையறை என்பது, மக்கள்தொகை மாற்றத்திற்கு ஏற்ப மக்களவைத் தொகுதிகளையும் சட்டமன்றத் தொகுதிகளையும் திருத்தி அமைக்கும் பணியாகும். இதைத் தொகுதி மறுசீரமைப்பு என்றும் கூறுவர். இந்தியாவில் இப்பணியைச் செய்யும் ஆணையம் தன் வரைவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் கேட்ட பின்னரே இறுதி முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். சென்னை நகரின் தொகுதிகள் கடைசியாக 2008ஆம் ஆண்டு திருத்தப்பட்டன. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் இன்றைய தொகுதி எல்லைகள் அப்போது வரையப்பட்டவையே.

மறுவரையறையின் தேவை

ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது மக்களாட்சியின் அடிப்படை. ஆனால் ஒரு தொகுதியில் இரண்டு லட்சம் வாக்காளரும் அடுத்த தொகுதியில் ஆறு லட்சம் வாக்காளரும் இருந்தால், முதல் தொகுதியினரின் வாக்குக்கு இரண்டாம் தொகுதியினரின் வாக்கைப் போல மூன்று மடங்கு மதிப்பு கிடைக்கிறது. மக்கள் இடம்பெயரும் பெருநகரங்களில் இந்த வேறுபாடு விரைவில் வளரும்.

எல்லைக் கோட்டை நகர்த்தினால் முடிவும் மாறக்கூடும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர்த் தொகுதியின் முடிவு 137 வாக்குகள் வேறுபாட்டில் அமைந்தது. ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் வாக்காளர்களின் எண்ணிக்கைகூட இதைவிட அதிகம். எனவே எந்தத் தெரு எந்தத் தொகுதியில் சேரும் என்பது வெறும் வரைபடச் சிக்கல் அன்று.

எல்லையைத் தன் கட்சிக்குச் சாதகமாக வளைக்கும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் ‘கெர்ரிமாண்டரிங்’ என்று பெயர். 1812ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்புதல் அளித்த தொகுதிப் பிரிவில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தின் வடிவில் இருந்தது. ஆளுநரின் பெயரையும் அவ்வுயிரினத்தின் பெயரையும் இணைத்து இச்சொல் உருவானது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இன்றும் சட்டமன்றங்களே எல்லைகளை வரைகின்றன. இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது.

ஆணையங்களின் வரலாறு

விடுதலைக்குப் பின் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கான தொகுதிகள் குடியரசுத் தலைவரின் ஆணைகள் வழியாக அமைக்கப்பட்டன. அவற்றைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருந்தது. தேர்தலில் நிற்பவர்களே எல்லையைத் திருத்தும் நிலை முறையன்று என்ற கருத்து எழுந்ததால், 1952இல் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி என். சந்திரசேகர ஐயர் முதல் ஆணையத்தின் தலைவராக இருந்தார். அதன்பின் 1962, 1972, 2002ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி மேலும் மூன்று ஆணையங்கள் அமைந்தன.

தமிழ்நாட்டின் சட்டமன்ற இடங்கள் 1962இல் 206ஆக இருந்தன. 1967இல் அவை 234ஆக உயர்ந்தன. அதே 1967இல் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. மக்கள்தொகைப் பெருக்கத்தில் பிற மாநிலங்கள் முந்தியதே இந்த இழப்பின் காரணம்.

குடும்பக் கட்டுப்பாட்டைச் சிறப்பாகச் செய்யும் மாநிலம் இடங்களை இழக்கக் கூடாது என்பதற்காக, 1976இல் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின் நிலையிலேயே நிறுத்திவைத்தது. 84ஆம் திருத்தம் இந்தத் தடையை 2026ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. ஆனால் மாநிலத்துக்குள் எல்லைகளைத் திருத்த அது இடமளித்தது. அந்தத் திருத்தத்துக்கு 2001 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொள்ளலாம் என 2003இல் 87ஆம் திருத்தம் கூறியது.

2002 ஆணையமும் மக்கள் கருத்தும்

2002ஆம் ஆண்டு ஆணையத்துக்கு உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைவர். தேர்தல் ஆணையத்தின் சார்பில் ஒருவரும், அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள். ஒவ்வொரு பெரிய மாநிலத்துக்கும் பத்து இணை உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் ஐவர் மக்களவை உறுப்பினர்கள், ஐவர் சட்டமன்ற உறுப்பினர்கள். இவர்கள் ஆலோசனை கூறலாம். வாக்களிக்கும் உரிமை இல்லை.

பணி பின்வரும் படிகளில் நடைபெற்றது:

1. இணை உறுப்பினர்களுடன் கலந்து பேசி வரைவு உருவாக்கப்படும்.
2. வரைவு அரசிதழில் வெளியாகும். ஓர் இணை உறுப்பினர் மாறுபட்ட திட்டம் கொடுத்து, அதை வெளியிட விரும்பினால் அதுவும் உடன் வெளியாகும்.
3. குறிப்பிட்ட நாளுக்குள் மக்கள் ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் அனுப்பலாம்.
4. ஆணையம் மாநிலத்தில் பொது அமர்வுகள் நடத்தி அவற்றைப் பரிசீலிக்கும்.
5. இறுதி ஆணை அரசிதழில் வெளியாகும். அது மக்களவையிலும் சட்டமன்றத்திலும் வைக்கப்படும். ஆனால் அவை அதைத் திருத்த முடியாது.

இந்த வரிசையில் குடிமக்களுக்கு உரியவை மூன்றாம், நான்காம் படிகள் மட்டுமே. அவை முடிந்துவிட்டால் அடுத்த மறுவரையறை வரை வேறு வாய்ப்பு இல்லை. அந்த இடைவெளி ஒரு தலைமுறையாகக்கூட இருக்கலாம். 1976இல் வரையப்பட்ட எல்லைகள் 2008 வரை நீடித்தன.

எந்தக் கருத்து ஏற்கப்படும் என்பதற்கும் சட்டத்தில் அளவுகோல்கள் உள்ளன. நிலப்பரப்பு ஒன்றோடொன்று இணைந்திருத்தல், ஆறு போன்ற இயற்கை அமைப்புகள், நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்களின் வசதி ஆகியவற்றை ஆணையம் கருத வேண்டும். இவற்றோடு மக்கள்தொகைச் சமநிலையும் காக்கப்பட வேண்டும். ஆகவே, “எங்கள் பகுதியைப் பக்கத்துத் தொகுதியில் சேருங்கள்” என்று மட்டும் எழுதும் மனு வலுவற்றது. அப்பகுதியின் மக்கள்தொகை என்ன, அது போனால் ஏற்படும் குறைவை எந்த வார்டைக் கொண்டு நிரப்பலாம் என்றும் சொல்லும் மனுவே ஆணையத்துக்குப் பயன்படும்.

சென்னை: 14இலிருந்து 16

சென்னையின் இடங்கள் எவ்வாறு கணக்கிடப்பட்டன என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

1971இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. இதை 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி ஏறத்தாழ 1,76,000 பேர். அன்றைய சென்னையின் மக்கள்தொகை 24,69,449. இதைச் சராசரியால் வகுத்தால் 14 வருகிறது. சென்னைக்கு 14 தொகுதிகள் இருந்தன.

2001இல் மாநில மக்கள்தொகை 6,24,05,679. தொகுதிச் சராசரி ஏறத்தாழ 2,66,700. சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43,43,645. வகுத்தால் 16.3 வருகிறது. சென்னைக்கு 16 தொகுதிகள் கிடைத்தன.

மாநிலத்தின் மொத்தம் 234ஆகவே இருந்ததால், சென்னைக்குக் கூடிய இரண்டு இடங்கள் பிற மாவட்டங்களிலிருந்து வந்தவை. நகருக்குள்ளும் மாற்றம் பெரிதாக இருந்தது. மக்கள்தொகை தேங்கியிருந்த பழைய நகர்ப்பகுதியில் பூங்கா நகர், புரசைவாக்கம் ஆகிய தொகுதிகள் நீக்கப்பட்டன. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒரே தொகுதியாக இணைந்தன. வளர்ந்து வந்த மேற்கு, வடமேற்கு, தெற்குப் பகுதிகளில் கொளத்தூர், வில்லிவாக்கம், திரு.வி.க. நகர், விருகம்பாக்கம், வேளச்சேரி ஆகியவை மாவட்டத்தின் தொகுதிகளாக இடம்பெற்றன. தனித் தொகுதியாக இருந்த பெரம்பூர் பொதுத் தொகுதியானது, எழும்பூரும் திரு.வி.க. நகரும் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகளாக அமைந்தன.

சேப்பாக்கம் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதியின் தொகுதி என்பது குறிப்பிடத்தக்கது. அவர் 2011 தேர்தலில் திருவாரூரில் போட்டியிட்டார். கணக்கு முதலமைச்சரின் தொகுதியையும் விட்டுவைக்கவில்லை.

புதிய எல்லைகள் 2008 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டமன்றத் தேர்தலும் இவற்றின்படி முதன்முதலாக நடைபெற்றன.

தென் சென்னையின் இன்றைய அமைப்பு

தென் சென்னை மக்களவைத் தொகுதியில் விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அடையாறு ஆற்றின் வடக்கே மயிலாப்பூர்த் தொகுதி உள்ளது. ஆற்றின் தெற்கே உள்ள அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகள் வேளச்சேரித் தொகுதியைச் சேர்ந்தவை. இங்கு ஆறு இயற்கை எல்லையாகப் பயன்படுகிறது. ஆனால் தியாகராய நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இரயில் பாதை பிரித்தாலும் அவை ஒரே தொகுதியில் உள்ளன. எந்தத் தடையை எல்லையாகக் கொள்வது, எதைக் கடந்து செல்வது என்பதில் அங்கு வாழ்பவர்களின் கருத்து முக்கியமாகிறது.

2008 ஆணை சென்னையின் தொகுதிகளை அன்றைய மாநகராட்சி வார்டு எண்களால் குறிப்பிடுகிறது. அப்போது 155 வார்டுகள் இருந்தன. 2011இல் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிவடைந்தபோது பழைய 155 வார்டுகள் 107ஆகச் சுருங்கின. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் கிடைத்தன. ஆகவே ஒருவரின் இன்றைய வார்டு எண்ணைக் கொண்டு 2008 ஆணையில் அவருடைய தொகுதியைத் தேட முடியாது. மனு எழுத விரும்புவோர் முதலில் சந்திக்கும் இடர் இதுவே.

இதைவிடப் பெரிய சிக்கல் வளர்ச்சியால் வந்தது. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி எழுந்த தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் குடியிருப்புகளும் சோழிங்கநல்லூரை மாநிலத்தின் மிகப் பெரிய தொகுதியாக்கின. 2021 வாக்காளர் பட்டியலில் அங்கு ஏறத்தாழ 6.9 லட்சம் பேர் இருந்தனர். அதே பட்டியலில் துறைமுகம் தொகுதியில் ஏறத்தாழ 1.76 லட்சம் பேரே இருந்தனர். பதின்மூன்று ஆண்டுகளில் வேறுபாடு நான்கு மடங்கை நெருங்கியது.

வார்டு மறுவரையறை

உள்ளாட்சி வார்டுகளை வரைவது வேறு அமைப்பின் பணி. 2017இல் தமிழ்நாடு அரசு மாநில மறுவரையறை ஆணையத்தை அமைத்தது. அது அந்த ஆண்டின் இறுதியில் வார்டுகளின் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்துகளைக் கேட்டது. மாநகராட்சியின் 15 மண்டல அமைப்பில் 109 முதல் 126 வரையுள்ள வார்டுகள் தேனாம்பேட்டை மண்டலத்திலும், 127 முதல் 142 வரையுள்ளவை கோடம்பாக்கம் மண்டலத்திலும், 170 முதல் 182 வரையுள்ளவை அடையாறு மண்டலத்திலும் அடங்கின. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறை முடிந்த பின்னரே ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. எல்லை சரியாக இல்லாவிட்டால் தேர்தலே தள்ளிப்போகும் என்பதற்கு இது சான்று.

மக்கள் கருத்தின் வலிமையும் எல்லையும்

மக்கள் கருத்தால் எவை மாறும் என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு அசாம். அங்கு 2023 ஜூனில் தேர்தல் ஆணையம் வரைவை வெளியிட்டது. ஜூலையில் குவாஹாட்டியில் பொது விசாரணை நடந்தது. 1,200க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. இறுதி ஆணையில் 19 சட்டமன்றத் தொகுதிகளின் பெயர்களும் ஒரு மக்களவைத் தொகுதியின் பெயரும் மாற்றப்பட்டன. மொத்த இடங்களின் எண்ணிக்கை மாறவில்லை. பெயர், ஓர் ஊர் எந்தப் பக்கம் சேர்வது போன்றவற்றில் மக்கள் குரல் பலிக்கும். எண்ணிக்கையை அரசியலமைப்பும் சட்டமுமே முடிவு செய்யும்.

இறுதி ஆணைக்குப் பின் நீதிமன்றத்தை அணுகுவதும் எளிதன்று. உஜ்ஜைன் தொகுதி தனித் தொகுதியானதை எதிர்த்து மேக்ராஜ் கோத்தாரி தொடர்ந்த வழக்கில், ஆணையத்தின் உத்தரவு சட்டத்துக்கு நிகரானது, அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் அதே நீதிமன்றம், உத்தரவு வெளிப்படையாகத் தன்னிச்சையானதாகவும் அரசியலமைப்பு மதிப்புகளுக்கு முரணாகவும் இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்று கூறி, சிறிய கதவு ஒன்றைத் திறந்து வைத்தது.

இலங்கையின் அனுபவம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கு மாகாண சபைத் தொகுதிகளை வரைந்த குழுவின் அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 139 வாக்குகளால் நிராகரித்தது. ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை. அதன்பின் மாகாண சபைத் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் நடைபெறவில்லை. அரசியல்வாதிகளுக்கு மறுக்கும் உரிமை இருந்தால் பணி நின்றுபோகலாம். இல்லாவிட்டால் தவறான எல்லையும் நிலைத்துவிடலாம். இரண்டுக்கும் இடையே பாதுகாப்பாக நிற்பது, வரைவு நிலையில் மக்கள் கூறும் கருத்தே.

இரண்டு கேள்விகள்

2025 மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டமும், மார்ச் 22 அன்று பல மாநிலத் தலைவர்கள் பங்கேற்ற கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டமும் நடைபெற்றன. தமிழ்நாட்டின் மக்களவைப் பங்கு குறையக் கூடாது என்பதே அவற்றின் மையக் கோரிக்கை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டது.

இதில் இரண்டு கேள்விகள் கலந்துள்ளன. மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்பது ஒன்று. மாநிலத்துக்குள் அவற்றை எவ்வாறு பிரிப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் சோழிங்கநல்லூர் வாக்காளரும் துறைமுகம் வாக்காளரும் ஒரே பக்கம் நிற்கின்றனர். இரண்டாவதில் அவர்களின் வாக்குகள் இன்னும் சம மதிப்பு பெறவில்லை. முதல் கேள்விக்கு அரசுகளும் கட்சிகளும் வாதாடுகின்றன. இரண்டாவது கேள்விக்கு, வரைவு அரசிதழில் வெளியாகும் நாளில் வரைபடத்தைப் பார்த்து, தம் வார்டின் மக்கள்தொகையைக் கணக்கிட்டு மனு எழுதும் குடிமக்களே வாதாட வேண்டியிருக்கும்.