மஞ்சளும் அமெரிக்கக் காப்புரிமையும்

புண்ணின்மேல் மஞ்சளை அரைத்து அப்புதல் பாரத நாட்டில் இல்லந்தோறும் தொன்றுதொட்டு நிகழ்வது. அங்ஙனமிருப்பவும், மஞ்சட்பொடியாற் புண்ணாற்றும் முறை தம்மாற் புதிதாகக் காணப்பட்டதென மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்து ஆய்வாளர் இருவர் கூற, 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினர் அதற்குக் காப்புரிமை வழங்கினர். அவ்விருவரும் இந்திய மரபினரே என்பது வியப்பு.

இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தார் 1996-இல் இதனை எதிர்த்தனர். பிறநாட்டு மக்களின் வழக்கத்தை அந்நாளை அமெரிக்கச் சட்டம் சான்றாகக் கொள்ளாது. நூலிற் பதிவாகியிருத்தல் வேண்டும். பாட்டிமார் கைம்மருந்து எத்துணைக் காலம் வழங்கினும் ஆண்டு அஃது ஊமையே. ஆதலின் வடமொழி, உருது, இந்தி நூல்களினின்றும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரை முதலியவற்றினின்றும் 32 சான்றுகள் திரட்டப்பட்டன. 1997-இல் அவ்வுரிமை தள்ளுண்டது.

மஞ்சள் புண்ணாற்றுமென அமெரிக்கர் முடிவு செய்தனரென்று சிலர் கூறுப. அஃது அன்று, இம்முறை புதியதன்று என்பதே ஆண்டுப் பெறப்பட்ட முடிபு. மஞ்சளின் ஆற்றலோ மருத்துவர் ஆய்ந்து தெளிதற்குரிய வேறு பொருள்.

இவ்வழக்கின் பின்னர், 2001-இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பெற்றது. சித்த மருத்துவ நூல்களிற் கண்ட முறைகளும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் என்னும் 5 மொழிகளிற் பெயர்க்கப்பட்டு அதனுட் சேர்ந்துள்ளன.