தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்

தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், மலேசியத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சேமிப்பைத் திரட்டி, தாங்கள் ரப்பர் மரம் சீவிய தோட்டங்களையே விலைக்கு வாங்குவதற்காக 1960-இல் தொடங்கப்பட்ட அமைப்பு. இதன் நிறுவனர் துன் வீ. தி. சம்பந்தன் (1919–1979). அப்போது அவர் மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தார்.

பின்னணி

பினாங்கு மாநிலத்தின் தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் உள்ள மலாக்கோஃப் போன்ற தோட்டங்களிலும், அதை அடுத்த கெடாவின் கூலிம் வட்டாரத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்தனர். வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாமே தோட்ட நிலத்தில்தான் இருந்தன. 1950-களில் பிரிட்டிஷ் முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்று இலாபம் பார்த்தனர். இந்தத் 'தோட்டத் துண்டாடலில்' வேலை இழந்தவர்கள் லயத்து (வரிசைக் குடியிருப்பு) வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. பொருளியலறிஞர் உங்கு அஸீஸ் இதை விரிவாக ஆராய்ந்தார்.

தோற்றமும் வளர்ச்சியும்

சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பங்குத்தொகையாக 10 வெள்ளி வீதம் செலுத்தும்படி தொழிலாளர்களிடம் கேட்டார். அன்றைய கூலியில் அது பெருந்தொகை; ஆயினும் பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். 1960-களின் தொடக்கத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. பின்னர் தீபகற்பத்தின் பல மாநிலங்களில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

பொருளாதாரம்

விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மரம் சீவி, பாலை வாளியில் சுமந்து வந்து நிறுக்கும் அன்றாட வேலை மாறவில்லை, கூலியும் தொடர்ந்தது. ஆனால் தோட்டத்து இலாபம் இப்போது உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகையாகத் திரும்பி வந்தது. ரப்பர் விலை நிலையற்றதாக இருந்ததால், நாட்டின் மற்ற தோட்டங்களைப் போலவே இங்கும் செம்பனை பெருகியது.

கிப்புட்சுடன் ஒப்பீடு

1910-இல் கலிலேயக் கடலருகே உருவான தெகானியா முதலான கிப்புட்சுகளில் (யூதர்களின் கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகளில்) நிலம், வருமானம், உணவுக்கூடம் அனைத்தும் பொதுவாக இருந்தன. முடிவுகளை உறுப்பினர் பேரவையே எடுத்தது. இச்சங்கத்தில் பொதுவானது நில உடைமை மட்டுமே. நிர்வாகம் மேலாளர்களிடம் இருந்தது. ஒரு தோட்டத்தின் பங்குதாரர் நாடெங்கும் பரவியிருந்தனர்.

முக்கியத்துவம்

நிலமற்ற கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களை நில உடைமையாளராக்கியதே இச்சங்கத்தின் பெருஞ்சாதனை. சங்கம் வாங்கிய தோட்டங்கள் துண்டாடலிலிருந்து தப்பின. அங்கிருந்த குடும்பங்களாலும் ஒன்றாக வாழ முடிந்தது.