இடித்துக் கட்டுவதா, திருத்தி நிறுத்துவதா?



ஓட்டுக் கூரை ஒழுகும். சுவரிலே வெடிப்பு விழும். கறையான் சிலாகையை அரிக்கும். அப்பொழுது, முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டுவதா, கெட்டதை மட்டும் மாற்றிக் கட்டடத்தை நிறுத்துவதா என்ற வினா எழும். பாடசாலை அதிபர்களாகிய எங்களுக்கு மாரிகாலந்தோறும் எதிர்ப்படும் வினா இது. பழைய மண்டபத்தின் கீழ் நின்று, ஒரு சாரார் இடிக்க வேண்டும் என்பர். மற்றொரு சாரார் திருத்தினாற் போதும் என்பர். மழை ஓய்ந்ததும் இரு சாராரும் வீடு செல்வர்.

இதே வினா கண்ணாற் காண முடியாத ஒரு கட்டடத்துக்கும் எழுந்தது. உலகிலே இன்று மிகப் பலராற் படிக்கப்படும் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவையே குறிப்பிடுகின்றேன். அது தோன்றிய முதல் இரண்டரை ஆண்டுகளுள், அதனைத் தாங்கி நிற்கும் மென்பொருளைப்பற்றி மூன்று முறை இவ்வினா எழுந்தது. இரண்டு முறை இடித்துக் கட்டினர். மூன்றாம் முறை இடிக்க மறுத்தனர். மூன்றும் சரியான முடிவுகளே என்பது என் கருத்து. ஒரே வினாவுக்கு இருவேறு விடைகள் எங்ஙனம் சரியாயின என்பதையே இன்று ஆராயப் புகுகின்றேன்.

ஜிம்மி வேல்சும் லறி சாங்கரும் 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூப்பீடியா என்றோர் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். அறிஞர் எழுத, அறிஞர் பலர் சரிபார்த்த பின்னரே அதிற் கட்டுரை வெளிவரும். வேலை ஆமை நடையாயிற்று. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற முறையில், அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15ஆம் திகதி விக்கிப்பீடியா பிறந்தது. அதற்கெனப் புதிய மென்பொருள் செய்ய அவர்கள் காத்திருக்கவில்லை. கிளிபோர்ட் அடம்ஸ் என்பவர் பேர்ள் என்னும் கணினி மொழியில் எழுதியிருந்த யூஸ்மொட்விக்கி என்ற சிறிய மென்பொருளை எடுத்து அமர்த்திக்கொண்டனர். வாடகை வீட்டிற் குடிபுகுந்தது போல என்க.

வாடகை வீட்டிற் குறைகள் இருந்தன. ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொடுப்பு அமைக்க வேண்டுமாயின், ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றி ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதவேண்டும். ஆப்கானிஸ்தானின் வரலாறு ‘ஆப்கானிஸ்தான்ஹிஸ்டரி’ என ஒரே சொல்லாய் நிற்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத நம் தமிழுக்கு இம்முறை எதற்கு உதவும்! ஆயினும், சதுர அடைப்புக்குறிகளால் தொடுப்பமைக்கும் வசதியை அடம்ஸ் விரைவிலேயே சேர்த்துவிட்டார். திருத்தத்தால் தீர்ந்த குறை இது.

திருத்தத்தால் தீராத குறை அடித்தளத்தில் இருந்தது. யூஸ்மொட்விக்கிக்குத் தரவுத்தளம் கிடையாது. ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனிக் கோப்பாகவே வைக்கப்பட்டது. சில நூறு கட்டுரைகளுக்கு அது போதும். முதலாண்டு நிறைவிலோ கட்டுரைகள் ஏறத்தாழ 20,000 ஆகிவிட்டன. மேலும், ஒரு பக்கத்தின் பழைய வடிவங்களைச் சில காலம் வைத்திருந்து பின்னர் அழித்துவிடுவது அம்மென்பொருளின் இயல்பு. யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்ற பதிவே உயிராகவுள்ள ஒரு பணிக்கு இது பெருங்கேடு.

ஜேர்மனியிற் கொலோன் பல்கலைக்கழகத்திலே உயிரியல் பயின்ற மக்னஸ் மான்ஸ்கே என்ற மாணவர், பி.எச்.பி. என்ற மொழியில், தரவுத்தளத்தோடு கூடிய புதிய மென்பொருளொன்றை விக்கிப்பீடியாவுக்கென்றே எழுதினார். ஆங்கில விக்கிப்பீடியா 2002 ஜனவரி 25ஆம் திகதி அதற்கு மாறியது. பயனாளர் தாம் விரும்பும் பக்கங்களைக் கண்காணிக்கும் பட்டியல், ஒருவர் செய்த பங்களிப்புகளின் பட்டியல் முதலியன அதனால் வந்தன. ஆனால் வாசகர் பெருகப் பெருக அதன் வேகமும் தளர்ந்தது. லீ டானியல் குறொக்கர் என்பவர் அதனை மீண்டும் முதலிலிருந்து எழுத, 2002 ஜூலையில் மூன்றாவது வீடு எழுந்தது. மீடியாவிக்கி என்ற பெயரை அது பெற்றது அடுத்த ஆண்டிலே.

பதினெட்டு மாதங்களில் மூன்று வீடு! எனினும் குடியிருப்போர் சிலராயும் பொருள்கள் சிலவாயும் இருந்தமையால் மாறுவது எளிதாயிற்று. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மூன்றாவது வினாவுக்கு வருவோம்.

2002இன் பிற்பகுதியில் நெருக்கடி மீண்டும் வந்தது. ஒரு பக்கம் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று எண்ணும் வசதி, ஒவ்வொரு பார்வைக்கும் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருந்தமையால், அவ்வாண்டு நவம்பரில் அதனை நிறுத்த நேர்ந்தது. சிற்சில வேளைகளில் வாசிக்கலாம், எழுத முடியாது என்ற நிலையிலே தளத்தை வைத்தனர். 2003 ஜனவரியில் ஆங்கிலக் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைத் தொட்டன. அவ்வாண்டின் தொடக்கத்திலே, மென்பொருளை மீண்டும் அடியிலிருந்து கட்டுவதா, உள்ளதையே செப்பஞ் செய்துகொண்டு போவதா என்று அதனை எழுதுவோரிடையே விவாதம் நிகழ்ந்தது.

இடித்துக் கட்டுக என்றோர் வாதத்தை எளிதிலே தள்ளிவிட முடியாது. அன்றாடம் தீயணைத்துக்கொண்டிருப்பவனுக்கு வீடு கட்ட நேரமேது? நெருக்கடி கைமீறுமுன் சீராகக் கட்டிவிடுவோம் என்பது நியாயமானதே. மறுசாராரோ, இப்போதுள்ள நிரல் தமக்கு நன்கு விளங்குகின்றது, சிறிது சிறிதாகத் திருத்தியே வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கலாம் என்றனர். அவர்கள் பக்கமே முடிவு சாய்ந்தது.

அக்காலத்திலே அண்மைய எடுத்துக்காட்டொன்றும் இருந்தது. இணையப் பக்கங்களைப் பார்க்க உதவிய நெற்ஸ்கேப் என்ற மென்பொருளின் நான்காம் பதிப்பு 1997இல் வந்தது. 1998 ஒக்டோபரில், பழைய நிரலைக் கைவிட்டுப் புதிதாக எழுதத் தீர்மானித்தனர். ஐந்தாம் பதிப்பு வெளிவரவேயில்லை. 2000 நவம்பரில் ஆறாம் பதிப்பு வந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளிலே மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் போட்டி மென்பொருள் சந்தையைக் கைப்பற்றிக்கொண்டது. ஜோயல் ஸ்பொல்ஸ்கி என்ற எழுத்தாளர் 2000ஆம் ஆண்டில் இதனைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நான் அவ்வளவு கடுமையாகத் தீர்ப்புக்கூறத் துணியேன். அவ்வாறு புதிதாய் எழுதிய பகுதியிலிருந்துதான் 2004இல் பயர்பொக்ஸ் தோன்றியது. அத்திவாரம் வீண்போகவில்லை, கட்டி முடியும்வரை மழையில் நின்றவர்கள்தாம் வேறு வீடு தேடிப் போய்விட்டனர்.

விக்கிப்பீடியாவார் என்ன செய்தனர்? 2003 ஜூனில் இரண்டாவது வழங்கிக் கணினியைச் சேர்த்துத் தரவுத்தளத்தை அதிற் பிரித்து வைத்தனர். பக்கங்களை ஒவ்வொருவருக்கும் புதிதாக ஆக்காமல், ஒருமுறை ஆக்கியதைச் சேமித்து வைத்துப் பலருக்கும் வழங்கும் முறையைக் கையாண்டனர். அன்னதானத்திலே ஆளுக்கொரு உலை வைப்பாருண்டோ? வருவோரிற் பெரும்பாலார் வாசிக்க மட்டுமே வருபவராதலால், சுமையின் பெரும்பகுதி இதனால் இறங்கியது.

ஆகவே நோய் அடித்தளத்தில் இருக்கவில்லை, கூட்டத்தில் இருந்தது. யூஸ்மொட்விக்கிக்கு நேர்ந்தது அத்திவாரப் பழுது. 2003இல் நேர்ந்தது, ஒரே வாயிலில் எல்லோரும் நெருக்குண்ட நிலை. வாயில் அகன்றதும் வீடு நின்றது. அடித்தளத்திலே கைவைக்க வேண்டிய வேளையும் பின்னர் வந்தது. 2005இல், கட்டுரைகளையும் அவற்றின் பழைய வடிவங்களையும் வைக்கும் தரவு அமைப்பையே மாற்றியமைத்தனர். வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே தூணை மாற்றுவதற்கு ஒப்பான வேலை அது. அதன் பின்னரும் பல பகுதிகள் மாறின. ஆனால் மொத்தமாய் இடித்துக் கட்டும் நான்காம் வீடு எழவேயில்லை. 2003இலே தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அந்த மூன்றாம் வீட்டிற் பிறந்த பிள்ளையே.

வீடு மாறும்போது தவறிப்போகும் பொருள்களைப்பற்றியும் ஒரு வார்த்தை. நான் முன்னர் கற்பித்த பாடசாலையொன்றில் பழைய கட்டடத்தை இடித்தபோது, சேர்வு இடாப்புகளை விறாந்தையில் அடுக்கி வைத்தனர். ஒரு மழை போதுமாயிருந்தது. பல ஆண்டுகளின் பின், தாம் அங்கே படித்தமைக்குச் சான்று கேட்டு முதியவர் ஒருவர் வந்தார். புதிய கட்டடத்தின் அலுவலகத்தில் அவரை அமரச் செய்தோம். கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை.

விக்கிப்பீடியாவின் பழைய கட்டுரைகள் சிலவற்றின் வரலாற்றைப் பார்ப்போர், 2002 பெப்ரவரி 25ஆம் திகதியிட்டு, மனிதர் பெயரின்றி, ‘மாற்றும் நிரல்’ என்று பொருள்படும் ஒரு பெயரைக் காணலாம். பழைய வீட்டிலிருந்து பொருள்களைச் சுமந்துவந்த இயந்திரத்தின் கையொப்பம் அது. அதற்கு முன் எழுதியோரின் பெயர்களிற் பல அங்கே இல்லை. தொடக்க மாதங்களின் திருத்தங்கள் பெரும்பாலும் அழிந்தன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எஞ்சியவற்றுள் மிகப் பழையது, ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற எழுத்தில் தொடங்கும் நாடுகளைப் பட்டியலிட்ட ஒரு பக்கமே. அதன் திகதி 2001 ஜனவரி 16.

2010 டிசெம்பரில், மென்பொருளாளர்களுள் ஒருவராகிய ரிம் ஸ்ராலிங், பழைய கோப்புகளைக் கிளறுகையில், 2001 ஓகஸ்ட் வரையிலான திருத்தங்களின் காப்புப் பிரதியைக் கண்டெடுத்தார். எவரோ என்றோ எடுத்து வைத்து மறந்துபோன பிரதி. அதிலே, 2001 ஜனவரி 15ஆம் திகதி எழுதப்பட்ட முகப்புப் பக்கமும் இருந்தது.