உள்ளே ஒரு சாம்பல், விளிம்பில் ஒரு சாம்பல்

மூளையின் டி1 எம்.ஆர்.ஐ. படத்தைத் திசுவாரியாகப் பிரிக்கும்போது சாம்பல் பொருளின் கணக்கில் தவறாகச் சேர்ந்துவிடும் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளியின் வெண்பொருளில் உண்டான புண். மற்றொன்று, பெருமூளைப் புறணியை ஒட்டிய டூரா உறை. முன்னது நோய்; பின்னது எல்லார் தலையிலும் இருப்பது.

பிழையின் வேர் ஒன்றே. நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறையை இழந்த வெண்பொருள் டி1 படத்தில் மங்கிப் புறணியின் சாயலுக்கு வருகிறது. டூராவுக்கு அந்தச் சாயல் இயல்பிலேயே உண்டு. வாக்சலின், அதாவது படத்தின் மிகச்சிறு கன அலகின், ஒளிச்செறிவை முதன்மைச் சான்றாகக் கொள்ளும் மென்பொருள் இரண்டிடமும் ஏமாறுகிறது. விளைவின் பரப்புதான் வேறு. டூரா பெரும்பாலும் ஒட்டிய இடத்தை மட்டும் கெடுக்கிறது. ஆனால் புறணியின் சராசரித் தடிமனே சுமார் 2.5 மி.மீ. என்பதால், 1 மி.மீ. வாக்சல் ஒன்று கூடினாலும் அங்கே அளவு பெரிதும் பிறழும். புண்ணோ திசு வகைகளின் சராசரிச் செறிவையே நகர்த்தி, தொலைவிலுள்ள நலமான வாக்சல்களையும் வகை மாற்றக்கூடியது.

திருத்தும் முறைகள் எதிரெதிர். புண்ணை நிரப்புகிறோம்: பிரிப்புக்கு முன்பே சுற்றுப்புற வெண்பொருளின் செறிவை அதற்கு இடுகிறோம். டூராவை அழிக்கிறோம்: ஃப்ரீசர்ஃபர் என்னும் மென்பொருளில் மண்டையோடு நீக்கிய படத்தைத் திறந்து, துண்டம் துண்டமாகத் துடைக்கிறோம். கை சற்றுத் தாராளமானால் இரண்டும் தின்பது புறணியைத்தான்.

டி1 படத்தில் ஒரே சாயல் காட்டிய இவை ஃபிளேர் என்னும் மற்றொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் பிரிந்து நிற்பது வியப்பு. புண் பளிச்சிடுகிறது; டூரா புறணியைவிட இருள்கிறது. புண்ணின் எல்லையை வரையவும் புறணியின் வெளிப்பரப்பைச் சீராக்கவும் அதே ஒரு படம் உதவுகிறது.

இதைவிட நுட்பமானது, இவ்விரு பிழைகளும் ஆய்வின் முடிவை எத்திசையில் இழுக்கின்றன என்பது. புண் நோயாளியிடமே மிகுதி. அது பொய்யாகக் கூட்டும் சாம்பல் பொருள் அவருடைய மூளைச் சுருக்கத்தை மறைக்கக்கூடும். டூராவோ, சுருங்காத மூளையில்தான் புறணியோடு நெருங்கிக் கிடக்கிறது. சுருங்கிய மூளையில் இடையே நீர் விரிந்து இரண்டையும் விலக்குகிறது. ஆகவே டூரா நலமானவரின் கணக்கைக் கூட்டி, நோயாளியின் சுருக்கத்தை மிகையாகக் காட்டக்கூடும். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு இரு குழுக்களை ஒப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன். திருத்தாத மற்றொன்று முடிவைத் தன் பக்கம் சாய்த்துவிடும்.