வலிப்பு: காரணம் தேடிய வரலாறு

பண்டைய கிரேக்கர்கள் வலிப்பைத் தெய்வங்கள் அனுப்பும் ‘புனித நோய்’ எனக் கருதினர். கி.மு. 400 அளவில் எழுந்த, ஹிப்போகிரட்டீஸ் மரபைச் சேர்ந்த மருத்துவ நூல் ஒன்று இதை மறுத்து, நோயின் இடம் மூளையே என்றது. எனினும் பேய், சாபம் என்னும் நம்பிக்கைகள் நீங்கவில்லை.

1873 இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளை நரம்புத் திசுவில் திடீரென மிகையாக ஏற்படும் கிளர்ச்சியே வலிப்பு என விளக்கினார். 1924 இல் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதன் பின் அக்கிளர்ச்சியைத் தாளில் கோடுகளாகக் காண முடிந்தது.

காரணம் வேறு, தூண்டுதல் வேறு. தலைக்காயம், பக்கவாதம், மூளைக்கட்டி, மூளைக்காய்ச்சல், மரபுக்கூறு ஆகியன காரணங்கள். இந்தியாவில் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்குவதும் முக்கியக் காரணமாகும். பலருக்குக் காரணம் புலப்படுவதில்லை. தூக்கமின்மையும் மாத்திரையைத் தவறவிடுதலும் தூண்டுதல்கள். சிலருக்கு மின்னும் ஒளியும் அவ்வாறே. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ தொலைக்காட்சித் தொடரில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னிய காட்சிக்குப் பின், 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; பெரும்பாலோர் சிறுவர்கள்.

தமிழ்நாட்டில் வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நிற்பதால், சாவியே நிறுத்தியதாகத் தோன்றுகிறது. உண்மையில் செய்ய வேண்டியது, அவரைப் பக்கவாட்டில் படுக்க வைப்பதே. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த ‘வலிப்பு’ என்னும் சொல் 1999 இல்தான் நீக்கப்பட்டது.