பாபரா டக்மனும் பொதுவாசகர்க்கான வரலாறும்

வரலாறு யாருக்காக எழுதப்படுகின்றது என்னும் வினாவை, அது எவ்வாறு எழுதப்படவேண்டும் என்னும் வினாவிலிருந்து பிரித்து நோக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேலைநாட்டு வரலாற்றாசிரியருட் பலர் பல்கலைக்கழகஞ் சாராதோராகவே இருந்தனர். இங்கிலாந்தில் மக்கோலேயும் அமெரிக்காவில் பிரெஸ்கொற்றும் கற்றோர் அனைவரையும் கருத்திற்கொண்டே எழுதினர். பின்னர் ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களில் உருவான ஆய்வு முறை எங்கும் பரவியது. மூலச்சான்றுகளை ஐயுற்று ஆராயும் ஒழுங்கு நிலைபெற்றது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், வரலாற்றாசிரியன் தன் துறையினருக்கே எழுதுபவனாக மாறியமையும் அதன் மறுபக்கமாகும். இவ்வாறு தோன்றிய இடைவெளியில் நின்று எழுதி, இரு சாராரின் கவனத்தையும் ஈர்த்தவர் பாபரா டக்மன்.

வாழ்வும் எழுத்தும்

டக்மன் 1912 ஜனவரி 30ஆந் திகதி நியூயோர்க்கில் செல்வம் மிக்க யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தை மொரிஸ் வேர்தைம் வங்கியாளர். தாய்வழிப் பாட்டனார் ஹென்றி மோர்கன்தோ ஒட்டோமன் பேரரசில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். 1914 ஒகஸ்ட் மாதத்திற் பாட்டனாரைக் காணக் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குக் கப்பலிற் சென்ற குடும்பத்தினர், ஜேர்மனியப் போர்க்கப்பலான கோபெனைப் பிரித்தானியக் கடற்படை துரத்திய காட்சியை மத்தியதரைக் கடலிற் கண்டனர். அப்போது டக்மன் இரண்டு வயதுக் குழந்தை. பிற்காலத்தில் அந்நிகழ்ச்சியைத் தம் நூலில் எழுதியபோது, அது தம் குடும்பம் என்பதைக் கூறாது, தூதரின் மகளும் மருமகனும் மூன்று பேரப்பிள்ளைகளும் என்றே குறித்தார்.

1933இல் ராட்கிளிஃப் கல்லூரியிற் பட்டம் பெற்ற அவர் மேற்படிப்பை நாடவில்லை. பசிபிக் உறவுகள் நிறுவனத்தில் ஆய்வுதவியாளராக இணைந்து 1935இல் டோக்கியோவிற் பணியாற்றினார். 1937இல் ‘நேஷன்’ இதழுக்காக ஸ்பானிய உள்நாட்டுப் போரைக் காணச் சென்றார். இரண்டாம் உலகப் போரின்போது போர்த் தகவல் அலுவலகத்தின் தூரகிழக்குப் பிரிவில் இருந்தார். 1940இல் மருத்துவரொருவரை மணந்து மூன்று பெண்மக்களுக்குத் தாயான அவர், குடும்பப் பொறுப்புகளுக்கிடையே பல்லாண்டுகள் உழைத்து ‘விவிலியமும் வாளும்’ என்ற நூலை 1956இல் வெளியிட்டார்.

பலஸ்தீனத்துடன் பிரித்தானியா கொண்ட தொடர்பை ஆராயும் இந்நூல் முதலாம் உலகப் போரின் முடிவோடு நின்றுவிடுகிறது. 1948 வரையிலான பகுதியையும் எழுத முயன்ற டக்மன், தம் உணர்ச்சி அங்கு மேலோங்கி நிற்பதைக் கண்டு எழுதியவற்றைக் கைவிட்டார். தமக்கு மிக நெருங்கிய பொருளில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருந்தமை குறிப்பிடத்தக்கது. எனினும் தெரிந்தெடுத்த எல்லைக்குள்ளும் ஆசிரியரின் சார்பு முற்றாக மறைந்துவிடுவதில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

ஒகஸ்ட் 1914

1958இல் வெளிவந்த ‘சிம்மர்மன் தந்தி’, 1917 ஜனவரியில் ஜேர்மனிய வெளிநாட்டமைச்சர் மெக்சிக்கோவுக்கு அனுப்பிய இரகசியத் தந்தியைப் பிரித்தானியர் வாசித்தறிந்த கதையைக் கூறுவது. டக்மனின் பெயரை உலகறியச் செய்தது 1962இல் வெளிவந்த ‘ஒகஸ்ட் மாதத்துப் பீரங்கிகள்’ ஆகும். 1910 மே மாதத்தில் நடைபெற்ற ஏழாம் எட்வேட் மன்னரின் இறுதி ஊர்வலத்தோடு தொடங்கும் இந்நூல், முதலாம் உலகப் போரின் முதல் முப்பது நாட்களை விரிவாக எடுத்துரைக்கிறது. 

திட்டங்கள் மனிதரை ஆட்கொள்ளும் விதமே இந்நூலின் அடிநாதம். ஒகஸ்ட் முதலாந் திகதி, பிரான்ஸ் நடுநிலை வகிக்கக்கூடும் என்ற செய்தி எட்டியதும், படைகளைக் கிழக்கே திருப்புமாறு கைசர் பணித்தார். பதினோராயிரம் புகையிரதங்களின் நேரசூசியை மாற்ற இயலாது என மறுத்தார் படைத்தளபதி மோல்ற்கே. புகையிரதப் பிரிவின் தலைவர் போரின் பின்னர் அது இயன்றதே என வாதிட்டு நூலொன்றெழுதினார். பல்லாண்டுகளாகத் தீட்டிய திட்டம், தன்னைத் தீட்டியோரையே கைதியாக்கிய கணம் அது.

அவ்வாண்டு ஒக்டோபரிற் கியூப ஏவுகணை நெருக்கடி மூண்டது. ஜனாதிபதி கென்னடி இந்நூலை வாசித்திருந்தார். 1914இன் தலைவர்கள் தவறான கணிப்புகளாற் போருக்குள் வீழ்ந்ததுபோல் தாமும் வீழ்ந்து, ‘ஒக்டோபர் ஏவுகணைகள்’ என்றொரு நூல் எழுதப்பட இடமளிக்கலாகாது என அவர் கூறியதாகச் சகோதரர் றொபேட் கென்னடி பதிவு செய்துள்ளார். 1963இல் நூலுக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது. வரலாற்றுக்கான பரிசு அமெரிக்க வரலாற்றுக்கே உரியதாகையால், பொதுப் புனைகதைசாரா நூல்களுக்கான பிரிவிலேயே அது வழங்கப்பட்டது.

எழுத்து முறை

‘வரலாறு பயில்தல்’ (1981) என்ற கட்டுரைத் தொகுதியில் டக்மன் தம் முறையை விளக்குகிறார். நிகழ்ச்சிகளைக் கால ஒழுங்கிற் கூறல் வேண்டும்; முடிவை அறிந்த பிற்காலத்தவரின் அறிவை, அறியாதிருந்த அக்காலத்தவர்மீது ஏற்றலாகாது; கருத்தை நிறுவும் சிறுவிபரம் பொதுக்கூற்றைவிட வலியது என்பன அவற்றுள் முக்கியமானவை. கற்பனை உரையாடலையும் ஊகத்தையும் அவர் விலக்கினார். ஒருநாள் மழை பெய்தது என எழுதுவதாயின் அதற்கும் சான்று வேண்டும் என்பது அவர் கொள்கை. 1959 ஒகஸ்டில் வாடகைக் காரொன்றிற் பெல்ஜியத்தினதும் வடபிரான்சினதும் போர்க்களங்களை நேரிற் சென்று பார்த்தார். கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்திருந்தால் தம் எழுத்தாற்றல் நலிந்திருக்கும் என்று கருதிய அவர், சான்றாதாரத்தின் இறுக்கத்தை மட்டும் பல்கலைக்கழக மரபிலிருந்து விடாது பற்றிக்கொண்டார் எனலாம்.

பிற்கால நூல்கள்

1971இல் வெளிவந்து இரண்டாவது புலிற்சர் பரிசைப் பெற்றுத்தந்த நூல், சீனாவிற் பணியாற்றிய அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லைப் பற்றியது. சீனாவின் பிரச்சினைக்கு அமெரிக்காவினால் தீர்வளித்திருக்க முடியாது என அது நிறுவியது. வியட்நாம் போர் நிகழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில், அக்கூற்றின் உட்பொருள் வாசகர்க்கு விளங்காமற் போயிராது.

‘தொலைவிலுள்ள கண்ணாடி’ (1978) பதினான்காம் நூற்றாண்டுப் பிரான்சைப் பற்றியது. அணுவாயுதப் போரின் பேரழிவுக்கு ஒப்பான நிகழ்ச்சியாகக் கொள்ளைநோயை ஆராயும் எண்ணமே இதற்கு வித்தாயிற்று. ஏழாம் ஆங்கெராண் டி கூசி என்ற பிரபுவின் வாழ்வே இந்நூலை இணைக்கும் இழை. அப்பிரபுக்களின் கோட்டைப் பெருங்கோபுரத்தை 1917இல் ஜேர்மனியப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தனர் என்பது, டக்மன் எழுதிய இரு காலங்களும் சந்திக்கும் புள்ளியாகும்.

‘மூடத்தனத்தின் அணிவகுப்பு’ (1984) அரசுகள் தம் நலனுக்கே மாறாக இயங்குவதை ஆராய்கிறது. ஒரு கொள்கை அக்காலத்திலேயே கேடானதென உணரப்பட்டிருத்தல், மாற்று வழி இருந்திருத்தல், தனியொருவரன்றி ஒரு குழுவே அதனைக் கைக்கொண்டிருத்தல் ஆகியவற்றை அவர் மூடத்தனத்தின் இலக்கணமாக வகுத்தார். திரோய் நகரத்து மரக்குதிரை முதல் வியட்நாம் வரை இதற்கு எடுத்துக்காட்டுகள். அமெரிக்கப் புரட்சியைப் பற்றிய ‘முதல் வணக்க வேட்டு’ 1988இல் வெளிவந்தது. 1989 பெப்ரவரி 6ஆந் திகதி டக்மன் மறைந்தார்.

மதிப்பீடு

டக்மனின் குறைபாடுகளைத் துறைசார் அறிஞர் பலர் சுட்டியுள்ளனர். ‘ஒகஸ்ட் மாதத்துப் பீரங்கிகள்’ ஒஸ்ரியா–சேர்பியப் பூசலையும் போல்கன் பிரதேசத்தையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. மத்தியகால ஆய்வாளர் அவருடைய சான்றுகளைப் போதாவென்றனர். ஒரு நூற்றாண்டை இன்னொன்றின் கண்ணாடியாக்குவதையும் ஏற்கவில்லர். திரோயின் கதை வரலாறன்று, தொன்மம். யாவற்றிலும் மேலாக, பிரான்சில் பிரோடெல் முதலியோர் பொருளாதாரத்தையும் சமூக அமைப்பையும் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், டக்மனின் பக்கங்களில் மன்னரும் தளபதிகளும் அமைச்சர்களுமே உலவினர். ஒரு கொள்கையினால் நன்மை அடையும் வர்க்கம் எது என்று கேட்கும்போது, மூடத்தனமெனத் தோன்றுவது சிலருக்கு மிகுந்த இலாபமாகவும் இருக்கலாம்.

கென்னடி பெற்ற பாடமும் இவ்விடத்தில் மீளாய்வுக்குரியது. போர் தவறான கணிப்புகளால் மூண்டது என்பது அவர் கொண்ட முடிபு. ஆனால் 1961இலேயே ஜேர்மனிய வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர், தம் நாட்டின் திட்டமிட்ட விரிவாக்க நோக்கங்களை ஆவணங்களோடு வெளிப்படுத்தியிருந்தார். 2012இல் கிறிஸ்தோபர் கிளார்க் பொறுப்பைப் பல நாடுகளுக்கும் பகிர்ந்தளித்தார். விவாதம் முடியவில்லை. அங்ஙனமாயின், உலகைக் காத்த முடிவொன்றுக்குத் துணைநின்றது ஐயத்துக்கிடமான ஒரு விளக்கமா? அவ்வாறே கொண்டாலும், கென்னடி கற்றது போரின் மூலகாரணத்தை அன்று; முன்கூட்டி வகுத்த திட்டங்கள் சிந்திக்கும் நேரத்தை விழுங்கிவிடும் என்பதையே. அதனை டக்மன் சான்றுகளோடு காட்டியிருந்தார். அந்த உண்மை ஃபிஷராற் பொய்ப்படவில்லை.

முடிவாக நோக்குமிடத்து, டக்மனின் நூல்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கு மாற்றீடாகா. அவர் விடைகண்ட வினாக்கள் சில. கேளாது விட்டவை பல. ஆயினும் ஆய்வாளர் தம்முள் மட்டுமே பேசிக்கொண்டிருப்பின், பொதுமக்களும் ஆட்சியாளரும் வரலாறின்றி வாழப்போவதில்லை. எவரேனும் கூறும் வரலாற்றைக் கொண்டே வாழ்வர். அது சான்றைப் போற்றும் ஒருவர் கூறியதாக இருத்தல் வேண்டுமெனின், நன்றாக எழுதுதலும் வரலாற்று மாணவரின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும்.