தாம்பரம் சானடோரியமும் பனியில் போடும் பாதையும் – ஒரு நீண்ட இழை

1/
பீச் – தாம்பரம் மின்சார ரயிலில் போறவங்களுக்குத் தெரியும். குரோம்பேட்டை தாண்டினா தாம்பரத்துக்கு முன்னாடி ஒரு ஸ்டேஷன்: 'தாம்பரம் சானடோரியம்'. தினமும் அந்தப் பேரைக் கேட்கிறோம். ஆனா சானடோரியம்னா என்னன்னு கேட்டா பலருக்கும் பதில் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் சுவிட்சர்லாந்து வரைக்கும் போய்ட்டு வருவோம், கூடவே வாங்க.

2/
காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். 1882-ல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டுபிடிச்சுட்டார். ஆனா அதைக் கொல்லும் மருந்து வர இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரை டாக்டர்களிடம் இருந்தது நாலே விஷயம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அளந்து கொடுக்கும் நடை. இந்த நாலையும் ஒரே இடத்தில் கொடுக்கக் கட்டியதுதான் சானடோரியம்.

3/
'அளந்து கொடுக்கும் நடை'ங்கிறதை கவனிங்க. ஜெர்மனியில் ஹெர்மன் பிரேமர் 1850-களில் மலையடிவாரத்தில் காசநோயாளிகளுக்கு மருத்துவமனை ஆரம்பிச்சார். மரங்களுக்கு நடுவே பாதை போட்டார், மூச்சு வாங்கினா உட்கார வழியெல்லாம் பெஞ்ச் வைத்தார். 1880-களில் மியூனிக் டாக்டர் மாக்ஸ் ஓர்ட்டெல் இதய நோயாளிகளுக்காக இன்னொரு படி போனார். சமதளம், லேசான ஏற்றம், நடுத்தர ஏற்றம், செங்குத்து ஏற்றம் என்று பாதைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற அடையாளம் வைக்கச் சொன்னார். "உங்களுக்கு இந்த வாரம் இந்த நிறம்"னு சீட்டில் எழுதலாம். மாத்திரைக்கு மில்லிகிராம் மாதிரி நடைக்கும் ஒரு அளவு.

4/
இங்கிலாந்தில் 1905-ல் திறந்த ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் இன்னும் கறாரானவர். முதலில் குறைந்த தூர நடை. தேறினால் அதிக தூரம். பிறகு கூடையில் மண் சுமக்கணும். பிறகு மண்வெட்டி. நடந்து தேறியவர்களே தோட்ட வேலையும் மண் வேலையும் செய்தார்கள்.

5/
இப்போ நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. இந்தியரான இவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் உடம்பு முடியாமல் போனபோது, காசநோய் என்று கருதி 1917-ல் சிகிச்சைக்குப் போனது இவரிடம்தான்.

இதே சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் ஆரம்பித்தார். சென்னையின் நெரிசலுக்கு வெளியே, காற்றும் இடமும் தாராளமாக இருந்த ஊர் அது. மூணு வருஷத்தில், 1931-ல், பீச் – தாம்பரம் மின்சார ரயில் வந்தது. 1937-ல் சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஸ்டேஷன் பேரின் கதை இதுதான்.

6/
சானடோரியம் உலகத்தின் தலைநகரம் எது தெரியுமா? சுவிட்சர்லாந்தின் டாவோஸ். இப்போ உலகப் பொருளாதார மாநாடு நடக்குதே, அதே ஊர். 1,500 மீட்டருக்கு மேல இருக்கும் பள்ளத்தாக்கு. 1865-ல் முதல் குளிர்காலக் காசநோயாளிகள் வந்தார்கள். அப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் ஒரு டாக்டர். மனைவிக்குக் காசநோய் என்பதால் டாவோஸில் தங்கியவர், 1894-ல் உள்ளூர்ச் சகோதரர்கள் இருவரோடு மலைக்கணவாய் தாண்டி ஆரோசா வரை பனிச்சறுக்குக் கட்டையில் போனார். அப்போ அது அங்கே புதுசு.

7/
மருந்து வந்ததும் டாவோஸின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக ஹோட்டல் ஆயின. 1900-ல் திறந்த ஷாட்ஸால்ப் சானடோரியம் 1950-களில் ஹோட்டலாச்சு. நோயாளி வந்த பள்ளத்தாக்குக்கு இப்போ 'கிராஸ் கன்ட்ரி' பனிச்சறுக்குக்காரர்கள் வருகிறார்கள். இது மலை உச்சியிலிருந்து சர்ருனு இறங்குவது இல்லை. சமதளத்திலும் சின்ன ஏற்றத்திலும் கையையும் காலையும் வீசி மைல்கணக்கில் போவது. நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை.

8/
அந்தப் பாதை தானா வருதுன்னு நினைக்காதீங்க. புதுப்பனி பஞ்சு மாதிரி, கால் புதையும். மேலே கரைந்து திரும்ப உறைந்தால் கண்ணாடி மாதிரி, கால் வழுக்கும். அதனால பெல்ட் சக்கர வண்டி ஒன்று பனியை அமுக்கிப் போகும். பின்னாடி சுழலும் பல்லுருளை, கட்டி தட்டிய பனியை உதிர்க்கும். அதுக்கும் பின்னாடி இரண்டு இணையான தடங்களை அழுத்திப் பதிக்கும். இதையெல்லாம் பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல செய்வார்கள். அப்போதான் ராத்திரிக் குளிரில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, விடியும்போது பாதை கெட்டியாகும். மறுநாள் ஜனங்கள் போய்க் கலைத்தபின் திரும்ப முதலிலிருந்து. தினமும்!

டாவோஸில் 2008-லிருந்து வசந்தகாலப் பனியைக் குவித்து, மரத்தூள் போட்டு மூடி, கோடை முழுக்கக் காப்பாற்றுகிறார்கள். அக்டோபர் கடைசியில் அதைப் பரப்பினால் சுமார் 4 கிலோமீட்டர் பாதை தயார். நம்ம ஊர் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்து வைப்பார்களே, அதே வித்தை.

9/
ஏன் இவ்வளவு மெனக்கெடல்? நேற்று இருந்த பாதைதான் இன்றும் இருக்கணும். அப்போதான் நேற்று 2 கிலோமீட்டர் போனவர் இன்று பயமில்லாமல் இரண்டரை போக முடியும். பாதை நிச்சயம் இல்லை என்றால் உடற்பயிற்சிக்கு அளவே கிடையாது. நிறம் குறித்த ஓர்ட்டெலுக்கும் பெஞ்ச் போட்ட பிரேமருக்கும் இது தெரிந்திருந்தது.

10/
ஆனா ஒன்றை மறைக்கக் கூடாது. நடையும் மலைக்காற்றும் காசநோய்க் கிருமியைக் கொல்லவில்லை. எவ்வளவோ பேர் அந்த அழகான பாதைகளில் நடந்தும் இறந்துபோனார்கள்.

சானடோரியம் யுகத்தை முடித்து வைத்ததில் நம்ம சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, இடம் நெருக்கடி. 1959-ல் முடிவு வெளியானது: இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்தது இதற்கப்புறம்தான்.

11/
அப்போ பாதை தேவையில்லையா? இங்கேதான் நாம் தப்பு பண்ணினோம். கிருமியைக் கொல்லப் பாதை தேவையில்லை. கிருமி செத்தபின் மீதி இருக்கிற நுரையீரலோடு வாழப் பாதை தேவை.

காசநோய் குணமான பலருக்கு நுரையீரலில் தழும்பு தங்கிவிடும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். இவர்களுக்கும், புகையால் நுரையீரல் கெட்டவர்களுக்கும் இன்றைக்கும் நல்ல மருந்து படிப்படியாகக் கூட்டும் நடைதான். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்துதான் நிலைமையைப் பார்க்கிறோம். அதற்கு வேண்டியது 30 மீட்டர் சமதளம், அவ்வளவுதான்.

12/
"தினமும் அரைமணி நேரம் நடங்க"னு ஒரு பெரியவரிடம் சொன்னேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "எங்க சார் நடக்கறது?"

அவர் தெருவில் நடைபாதை மேல பைக், அதைத் தாண்டினா மூடாத பள்ளம், கீழே இறங்கினா லாரி. என்னிடம் பதில் இல்லை. நூறு வருஷம் முன்னாடி கையில் மருந்தே இல்லாத டாக்டர்கள் பாதையோடு சேர்த்து நடையை எழுதிக் கொடுத்தார்கள். எல்லா மருந்தும் வைத்திருக்கிற நான் பாதை இல்லாத நடையை எழுதிக் கொடுக்கிறேன்.

13/
சுவிட்சர்லாந்தில் தினமும் கலையும் பனியைத் தினமும் சீர் செய்து பாதை போடுகிறார்கள். நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை, சிமெண்ட் உருகாது. பள்ளத்தை மூடணும், வண்டியை நடைபாதையில் நிறுத்தாம இருக்கணும், நூறு அடிக்கு ஒரு பெஞ்ச் போடணும். முதல் இரண்டில் ஒன்று நம்ம கையிலேயே இருக்கு.

14/
டாக்டராக ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனை செய்துக்கங்க. அரசு மருத்துவமனையில் இலவசம், மாத்திரையும் இலவசம். நடக்கும்போது மூச்சு வாங்குதுன்னா 'வயசாச்சு'ன்னு விட்டுடாம டாக்டரைப் பாருங்க.

அப்புறம், நாளைக்கு உங்க வீட்டு வாசலில் இருந்து 30 மீட்டர் நடந்து பாருங்க. எங்கே கீழே இறங்க வேண்டி வந்ததுன்னு கமெண்டில் எழுதுங்க.